மஅபர் கரையில் ஒதுங்கிய காழி

மொராக்கோவின் தலைநகராக ஃபாஸ் விளங்கிய 14-ஆம் நூற்றாண்டின் நடுவில், அந்நகர அரசவையில் ஒரு சர்ச்சை எழுந்தது. ஐம்பது வயதை எட்டிய ஒருவர், இந்துஸ்தானத்துச் சுல்தானின் கொடையையும் செல்வத்தையும் பற்றி நம்பவியலாத செய்திகளைக் கூறிவந்தார். கேட்டவர்கள் ஒருவர் காதில் ஒருவர், "இவர் புளுகர்" என்று முணுமுணுத்தனர். இளைஞராக இருந்த இப்னு கல்தூனுக்கும் அதே ஐயம். அவர் அதனை வஸீர் ஒருவரிடம் வெளியிட்டார். வஸீரோ மறுமொழியாக ஒரு கதையைச் சொன்னார். சிறையிலேயே வளர்ந்த சிறுவன் ஒருவன், ஆடு எப்படியிருக்கும் என்று தந்தையைக் கேட்டானாம். தந்தை எவ்வளவு விளக்கியும், அது எலியைப் போன்றதோர் உயிர் என்றே அவனுக்குத் தோன்றிற்றாம். எலியைத் தவிர வேறு விலங்கு எதனையும் அவன் கண்டதில்லையே! இந்நிகழ்ச்சியை இப்னு கல்தூனே தம் 'முகத்திமா'வில் பதிவு செய்துள்ளார்.

ஐயத்துக்கு ஆளான அந்த மனிதரே இப்னு பதூதா. அவருடைய 'ரிஹ்லா'வை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற வினா, தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நமக்கு வெறும் ஏட்டுச் சுவைக்கான வினா அன்று. மதுரைச் சுல்தான்களின் அவைக்குச் சென்று, கண்ணால் கண்டதைக் கூறியவராக நமக்குக் கிடைத்திருப்பவர் அவர் ஒருவரே.

1304-இல் தாஞ்சியர் நகரில் பிறந்த அவர், 1325-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், இருபத்தோராம் வயதில், ஹஜ்ஜுக்கென்று தனியே புறப்பட்டார். உடன் வரத் தோழர் இல்லை; சேர்ந்துகொள்ள வணிகக் கூட்டமும் அப்போது கிடைக்கவில்லை. பெற்றோர் உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிந்தவர், இனி அவர்களைக் காண வாய்க்காது என்பதை அறிந்திருக்கவில்லை. பின்னாளில் கூட்டங்களும் பணியாளரும் அடிமைகளும் அவரைச் சூழ்ந்திருந்தது உண்மையே. ஆயினும் கையில் ஒன்றுமின்றித் தனித்து நின்ற வேளைகள் அவர் வாழ்வில் திரும்பத் திரும்ப வந்தன.

அவற்றுள் கொடியது கோழிக்கோட்டில் நேர்ந்தது. தில்லிச் சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராக, சீனப் பேரரசருக்குரிய காணிக்கைகளோடு 1342-ஐ ஒட்டி அவர் அத்துறைக்கு வந்திருந்தார். ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கினார். அன்றிரவு எழுந்த புயலில் காணிக்கைகள் ஏற்றிய மரக்கலம் உடைந்து சிதறியது. அவருடைய பொருளும் ஆட்களும் இருந்த மற்றொரு கலமோ, அவரை விட்டுவிட்டுப் பாய்விரித்துப் போய்விட்டது. பத்துத் தீனாரும் படுக்கும் விரிப்புமே எஞ்சின. வெறுங்கையோடு தில்லிக்குத் திரும்பினால் சுல்தான் என்ன செய்வாரோ என்ற அச்சம் அவரைத் தெற்கே தள்ளிற்று.

அவ்வாறுதான் அவர் மாலத்தீவுகளுக்குச் சென்றார். ரிஹ்லாவின் மிக அழகிய ஏடுகள் இவையே என்பது என் கருத்து. நூறு தீவுகளோ அதற்குக் குறைவோ வளையம்போல் சூழ்ந்து நிற்கும்; அவ்வளையத்துள் நுழைய ஒரு வாயிலே உண்டு; அத்தீவினர் ஒருவர் வழிகாட்டினாலன்றிக் கலங்கள் உட்புக இயலா என்கிறார். பவளப்பார் வளையங்களை இத்தனை தெளிவாகச் சொன்ன பழைய நூல்கள் அரியவை. தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்து மரக்கலம் கட்டுவதன் காரணத்தையும் அவர் கேட்டறிந்திருக்கிறார். இந்தக் கடல் பாறைகள் நிறைந்தது. இரும்பாணி அடித்த கலம் பாறையில் மோதினால் உடையும். கயிற்றால் தைத்த கலமோ வளைந்துகொடுத்துத் தப்பும். சென்னைக் கரையின் மசூலாப் படகுகளைக் கண்ட முதியவர்களுக்கு இதில் வியப்பிராது. அத்தீவினர் மீனை நான்காகத் துண்டித்து, சிறிதே வேகவைத்து, ஓலைக் கூடைகளிலிட்டுப் புகையில் உலர்த்துவதையும் விரிவாகச் சொல்கிறார். நம் கடற்கரை வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசிதான் அது! வங்காளத்துக்கு ஏற்றுமதியாகும் சோழியின் விலையையும் விடவில்லை. ஒரு பொன் தீனாருக்கு நான்கு இலட்சம்; மலிந்த காலத்தில் பன்னிரண்டு இலட்சம்.

அங்கே ஆட்சி செய்தவர் கதீஜா என்னும் அரசி. இப்னு பதூதா அங்குக் காழியாக அமர்த்தப்பட்டார், திருமணங்களும் செய்துகொண்டார். பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடையணியாத வழக்கத்தை மாற்ற முயன்றும், தம் நீதிமன்றத்துக்கு வெளியே அவருடைய கட்டளை செல்லவில்லை. திருடன் ஒருவனின் கையை வெட்ட ஆணையிட்டபோது, அவையிலிருந்த தீவினர் பலர் மயங்கி விழுந்தனராம். இதனை அவரே மறைக்காமல் எழுதுவித்திருக்கிறார். வஸீர்களோடு பிணக்கு முற்றவே, 1344-இல் தீவுகளை விட்டு நீங்கினார்.

காற்று அவரை இலங்கையின் புத்தளத்துக்குக் கொண்டு சென்றது. பாரசீக மொழி அறிந்திருந்த ஆரியச் சக்கரவர்த்தி, ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாகக் கூறப்படும் மலைக்கு அவரைப் பல்லக்கோடு அனுப்பிவைத்தார். வழித்துணையாக யோகிகளும் பிராமணர்களும் சென்றனர்.

இலங்கையிலிருந்து மஅபருக்கு வரும்போதுதான் கலம் ஆழமற்ற கடலில் சிக்கிற்று. மாலுமிக்கு வழி தெரியவில்லை. பாய்மரத்தை வெட்டினர், சரக்குகளைக் கடலில் எறிந்தனர், மரங்களைச் சேர்த்துத் தெப்பம் கட்டினர். தம்மவரைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, உடைந்த கலத்தின் பின்புறத்தில் இரவு முழுவதும் இப்னு பதூதா உட்கார்ந்திருந்தார். விடிந்தபின் கரையிலிருந்து தோணிகளில் வந்தவர்கள் அவரைக் காப்பாற்றினர். மஅபரின் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானீ அவருக்குச் சகலர். 1335-இல் தில்லியிலிருந்து பிரிந்து மதுரை ஆட்சியை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹின் மகள் ஒருத்தியை இவரும், மற்றொருத்தியைச் சுல்தானும் மணந்திருந்தனர். ஆதலின் படைவீட்டில் அவருக்குக் குறைவில்லாத வரவேற்பு.

அந்த உறவையும் உண்ட உணவையும் எண்ணி அவர் வாய்மூடி இருந்திருக்கலாம். இருக்கவில்லை. காடுகளில் பிடிபட்ட எளிய மக்கள் பெண்டு பிள்ளைகளோடு கழுவேற்றப்பட்டதை அவர் சொல்கிறார். தாமும் காழியும் சுல்தானோடு உணவருந்திக்கொண்டிருந்த வேளையில், ஓர் இந்துவும் மனைவியும் ஏழு வயதுச் சிறுவனான மகனும் கொல்லப்பட்டதைச் சொல்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டதாகக் கூறும் அவர், இத்தகைய கொடுமையை வேறெந்த அரசரிடமும் கண்டதில்லை என்றும், சுல்தானின் முடிவை அல்லாஹ் விரைவுபடுத்தியது இதனாலேயே என்றும் தீர்ப்பளிக்கிறார். ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளரைச் சிறைப்பிடித்து, விடுதலை தருவதாக ஏய்த்துச் செல்வத்தைப் பறித்தபின் கொன்று, தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டதையும் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார்.

நம்மவருள் சிலர் இந்த ஏட்டைத் திருப்பாமலே கடந்துவிடுகின்றனர். வேறு சிலர் இந்த ஏட்டை மட்டுமே படித்துவிட்டு, இதுவே தென்னாட்டு முஸ்லிம்களின் வரலாறு என்கின்றனர். இரண்டுமே நேர்மையன்று. ஏறத்தாழ நாற்பதாண்டுகளே நிலைத்த அந்த ஆட்சிக்கு முன்பே, பாண்டியர் காலத்திலேயே, அரபு வணிகர் காயல் துறையில் குதிரை இறக்கி மக்களோடு கலந்து வாழ்ந்தனர். அந்த ஆட்சி அழிந்த பின்னும் இச்சமுதாயம் வாழ்ந்தது. சுல்தானின் செயலைக் கண்டித்தவரும் பிற சமயத்தார் அல்லர். அவர் விருந்தில் அமர்ந்திருந்த காழியே.

இதனால் இப்னு பதூதாவைப் புனிதராக்கிவிட வேண்டியதில்லை. தமக்குச் சோறிட்ட மாலத்தீவின்மீது படையனுப்புமாறு இதே சுல்தானுக்கு யோசனை சொன்னவர் அவர்தாம். கலங்கள் ஆயத்தமாகச் சில மாதங்கள் ஆகும் என்றபடியால் தீவுகள் தப்பின. இதையும் அவர் வாய்மொழியாலேயே அறிகிறோம்.

மதுரையில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய்கண்டவர் இரண்டு மூன்று நாட்களில் மாண்டனர். சுல்தானின் தாயும் மனைவியும் ஒரே மகனும் மாண்டனர். பின்பு சுல்தானும் இறந்தார். இப்னு பதூதாவுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. ஏறத்தாழ ஒரு இராத்தல் புளியைக் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு போனபின் பிழைத்தாராம். நம் மருத்துவர்கள் இதனைப் பரிந்துரைப்பார்களா என்பது வேறு விஷயம்!

மஅபரை விட்டகன்ற பின், மேற்குக் கடலில் கொள்ளையர் அவரை மடக்கி, உடுத்திய காற்சட்டை தவிர அனைத்தையும் பறித்தனர். இலங்கை மன்னர் தந்த மணிகள் போயின. அவற்றைவிடப் பெரிய இழப்பாக, புகாராவில் அவர் படியெடுத்திருந்த கல்லறைக் கல்வெட்டுகளும் போயின. எனவே ரிஹ்லாவின் பெரும்பகுதி நினைவிலிருந்து சொல்லப்பட்டது. நினைவு தவறும் இடங்கள் உண்டு. எழுதியவரான இப்னு ஜுஸய், மக்கா, டமாஸ்கஸ் வருணனைகளில் இப்னு ஜுபைரின் நூலிலிருந்து நிறையவே எடுத்துச் சேர்த்திருக்கிறார். வடக்கே புல்கார் நாட்டுக்குப் போனதாகச் சொல்வதை ஆய்வாளர் ஏற்பதில்லை. ஆனால் மதுரைச் சுல்தான்களின் காசுகள் கிடைத்தபோது, அவர் கூறிய பெயர்களும் வரிசையும் அவற்றோடு ஒத்திருந்தன.

கடைசிப் பயணம் 1352-இல் ஸஹாரா பாலைவனத்தின் ஊடே. தகாஸா என்ற ஊரில் வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டிருந்தன. கூரையோ ஒட்டகத் தோல். அதற்கப்பால் நீரற்ற பெருவெளி. வணிகர் கூட்டம் ஒருவனைக் கூலிக்கு அமர்த்தி முன்னே தனியாக அனுப்பும். அவன் வலாத்தா நகரை அடைந்து கடிதங்களைக் கொடுத்தால், அங்குள்ளோர் நான்கு இரவுத் தொலைவு எதிர்வந்து தண்ணீர் தருவர். அவன் வழியில் மடிந்தால் கூட்டம் வருவது எவருக்கும் தெரியாது, அனைவரும் மடிவர். இப்னு பதூதாவின் கூட்டம் நூறு மித்கால் பொன் கொடுத்து ஒருவனை அமர்த்திற்று. ஏழாம் நாள் இரவு, எதிர்வந்தவர்களின் தீவெளிச்சம் தெரிந்தது.

1354-இல் ஃபாஸுக்குத் திரும்பினார். சுல்தானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட ரிஹ்லா, 1355 டிசம்பரில் முடிவுற்றது.