ஜி-ஏ-ஓ-எல்: ‘கோல்’ இல்லீங்க, ‘ஜெயில்’!
பழைய ஆங்கில ஆவணங்களில் ஜி-ஏ-ஓ-எல் என்று பார்த்ததும் பலர் ‘கோல்’ என்றே படிக்கிறார்கள். அதுவும் ஜெயில்தாங்க, உச்சரிப்பிலும் வித்தியாசம் கிடையாது. பிரெஞ்சின் இரு வட்டார வழக்குகளிலிருந்து ஒரே சொல் ஆங்கிலத்துக்குள் இரண்டு முறை நுழைந்ததால் வந்த குழப்பம். மூலமான லத்தீன் சொல்லுக்குக் ‘கூண்டு’ என்று பொருள். பிரிட்டனிலும் இன்று ஜே-ஏ-ஐ-எல்தான் வழக்கம். அயர்லாந்தின் கில்மைன்ஹாம் சிறை போன்ற பெயர்களில் பழைய எழுத்து இன்னும் நிற்கிறது.

நமக்கென்ன என்கிறீர்களா? பெரும்பாக்கத்திலிருந்து எழும்பூர் ஆவணக்காப்பகம் வரை போய், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற தாத்தாவின் பதிவைத் தேடுபவருக்கு இது முக்கியம். ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் இரண்டு எழுத்துமே உண்டு. ஒன்றை மட்டும் தேடினால் பதிவு கண்ணில் படாமலே போகலாம். எழுத்து இடம் மாறி ஜி-ஓ-ஏ-எல் என்று அச்சானதும் உண்டு. அதையும் ஒருமுறை போட்டுப் பாருங்க.