அம்மை குத்துதலும் தடுப்பூசியும்

தமிழில் 'அம்மை குத்துதல்' என்னும் தொடர் நோயின் பெயராலும் செயலின் பெயராலும் ஆனது. தடுத்தல் என்னும் நோக்கம் அதில் வெளிப்படவில்லை. சொல்லமைப்பை நோக்கினால், குத்தி உட்செலுத்தப்படுவது அம்மையே. செயல்முறையும் அதற்கு மாறானதன்று. கன்றின் தோலில் வளர்த்தெடுத்த அம்மைப்பாலைக் குழந்தையின் கையைக் கீறி ஏற்றினர். 1884ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் இதனைக் கட்டாயமாக்க வழி செய்தமையால், அம்மை குத்துபவர் ஊராருக்கு அரசாங்கத்தின் ஆளாகவும் இருந்தார்.

1948இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனபள்ளியில் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. பணி தொடங்கிற்று. அதே ஆண்டில் கிண்டி கிங் நிலையத்தில் அம்மருந்தைத் தயாரிக்கும் கூடம் நிறுவப்பட்டது. 1951 முதல் இப்பணி நாடளாவிய இயக்கமாக விரிந்தது. இங்குப் பழைய தொடர் உதவவில்லை. 'காசநோய் குத்துதல்' என்றால் நோயையே குழந்தைக்குத் தருவதாகப் பொருள்படும். எதிர்ப்பாளர் அஞ்சியதும் ஏறத்தாழ இதுவே. வீரியம் குறைக்கப்பட்டதாயினும் உயிருள்ள நுண்ணுயிரை நலமாயுள்ள குழந்தைகளின் உடலில் செலுத்தலாகாது என்று 1955இல் இராஜாஜி வாதிட்டார். நடுவண் சுகாதார அமைச்சர் இராஜகுமாரி அம்ரித் கௌர் இயக்கத்தைக் காத்து நின்றார். 'தடுப்பூசி' என்னும் சொல்லோ நோக்கத்தையும் கருவியையும் மட்டும் கூறி, உட்செல்லும் பொருளைப் பற்றி வாய் திறப்பதில்லை. நோயின் பெயர் அதற்கு அடையாக வெளியே நிற்கிறது. அச்சத்தைத் தணிக்கும் சொல்தான். எனினும் இராஜாஜி எழுப்பிய வினாவுக்கு அது விடையாகாது.

மொழிபெயர்ப்பாளருக்கு இதனினும் கடுமையான சிக்கல் வேறொன்று இருந்தது. அக்காலத்தில் பி.சி.ஜி. போடுமுன் டியூபர்குலின் சோதனை செய்யப்பட்டது. முன்கையில் ஓர் ஊசி; மூன்று நாள் கழித்து அவ்விடத்துத் தடிப்பைப் பார்ப்பர்; தடிப்பு இல்லாத குழந்தைக்கு மட்டுமே மேற்கையில் இரண்டாம் ஊசி. தாய்க்கு இரண்டும் ஊசிதான். ஆனால் முதலாவது எதனையும் தடுப்பதன்று. மேலும், தடிப்பு மிகுந்த குழந்தை ஊசியின்றித் திருப்பி அனுப்பப்படும். கிருமி எப்போதோ உடலுள் புகுந்தது என்பதே அத்தடிப்பின் பொருள். நோய் உண்டென்று பொருளன்று. 'தொற்று', 'நோய்' என்னும் இரண்டையும் பேச்சுவழக்கு பிரித்துப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தின் 'பாசிடிவ்' என்பதை 'நேர்' என்று பெயர்த்தால் நன்மைக் குறிப்பும், 'உண்டு' என்று பெயர்த்தால் நோய்க் குறிப்பும் ஏறிவிடுகின்றன. திரும்பி வந்த குழந்தை நலமுடையதா, நோயுற்றதா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை தர இயலாது. ஒரு முழு வாக்கியமாவது வேண்டும். வரிசையில் நூற்றுக்கணக்கானோர் நிற்கும் முகாமில் அந்த வாக்கியத்துக்கு நேரம் கிடைப்பது அரிது.

1960களில் முன்சோதனையின்றி நேரடியாகப் பி.சி.ஜி. போடும் முறை வந்தபின் முகாம்களில் இச்சிக்கல் மறைந்தது. அதற்குக் காரணம் மருத்துவ நடைமுறையின் மாற்றமேயன்றி மொழி கண்ட தீர்வன்று. ஊசியே இல்லாத போலியோ மருந்து பரவியபோது, வழக்கு அதனைத் தடுப்பூசி என்னாமல் 'சொட்டு மருந்து' என்றே வழங்கிற்று.