அட்டையின் மறுபக்கம்

விலை என்பது வேறு. மதிப்பு என்பது வேறு. சந்தையில் நிற்கும்போது இவ்விரண்டும் ஒன்றெனத் தோன்றும். வீட்டுக்கு வந்து பழைய பெட்டியைத் திறக்கும்போதுதான் வேறுபாடு விளங்கும். இவ்வுண்மைக்கு நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் சான்று மிகச் சிறியது: கனடா நாட்டுச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வந்த ஹாக்கிப் பட அட்டைகள். உள்ளங்கையில் அடங்கும் காகிதத் துண்டுகள்தாமே என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டா. நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு நாட்டின் நினைவு அவற்றுள் தங்கியிருக்கிறது.

ஹாக்கி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது புல்தரையும் வளைந்த மட்டையும் வெண்ணிறப் பந்தும். கனடாவில் அச்சொல் குறிப்பது வேறோர் ஆட்டம். ஆண்டில் பல மாதங்கள் உறைந்து கிடக்கும் அந்நாட்டில், காலணியின் அடியில் இரும்புத் தகடு பூட்டிக்கொண்டு, பனிக்கட்டித் தரையில் வழுக்கி ஓடி, பந்துக்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர் வட்டை அடித்து ஆடுவர். அங்குள்ள தேசிய ஹாக்கி லீக் 1917இல் தோன்றியது. அதில் வெல்லும் குழுவுக்குக் கிட்டும் ஸ்டான்லி கோப்பையோ அதற்கும் மூத்தது. 1893 முதல் வழங்கப்பட்டு வருவது. திரைப்பட நடிகருக்கு நம் ஊரில் கிட்டும் புகழ், அங்கே ஹாக்கி வீரருக்குக் கிட்டியது எனலாம்.

அப்புகழை முதலில் விற்பனைக்குப் பயன்படுத்தியவர்கள் புகையிலை வணிகர்கள். மெல்லிய உறையில் சிகரெட்டுகள் நசுங்காதிருக்க உள்ளே ஓர் அட்டைத் துண்டு வைப்பது வழக்கம். வெறும் அட்டையில் படம் அச்சிட்டால் வாங்குவோர் மீண்டும் மீண்டும் வருவர் என்று அவர்கள் கண்டுகொண்டனர். 1910-11 பருவத்தில் 36 ஹாக்கி அட்டைகள் கொண்ட வரிசை ஒன்று கனடாவில் வெளிவந்தது. அடுத்த பருவத்து வரிசையில் 45 அட்டைகள். அவற்றுள் ஒன்றில் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் குழுவின் இளம் கோல் காவலர் ஜார்ஜ் வெசினா காட்சி தருகிறார். 1926இல் காசநோயால் அவர் மறைந்தார். பருவத்தின் சிறந்த கோல் காவலருக்கு இன்றும் அவர் பெயரால் விருது வழங்கப்படுகிறது.

புகைப்பவர் தந்தை; அட்டையைக் கேட்டு நிற்பவர் மகன். ஆகவே மெல்ல மெல்ல அட்டைகள் சிறுவரின் தின்பண்டங்களுக்கு இடம் மாறின. ஒண்டாரியோ மாநிலத்து லண்டன் நகரில் இயங்கிய ஓ-பீ-சீ என்னும் மிட்டாய் நிறுவனம் 1933 முதல் பபிள்கம்முடன் ஹாக்கி அட்டைகளைச் சேர்த்து விற்றது. செயின்ட் லாரன்ஸ் மாவு நிறுவனத்தார் மற்றொரு வழி கண்டனர். அவர்களது 'பீ ஹைவ்' சோளப்பாகை வாங்கி, அதன் சீட்டைக் கிழித்து அஞ்சலில் அனுப்பினால், விரும்பிய வீரரின் நிழற்படம் வீடு தேடி வரும். 1934 முதல் 1967 வரை இது நடந்தது. எத்தனை தாய்மார்கள் பிள்ளையின் நச்சரிப்புக்காகவே அந்தப் பாகை வாங்கியிருப்பார்கள் என்பதைக் கணக்கிட ஏது வழி?

இரண்டாம் உலகப் போரில் காகிதம் அரிதாயிற்று, அட்டைகளும் நின்றன. பத்தாண்டு இடைவெளிக்குப் பின், 1951-52 பருவத்தில் டொரண்டோவின் பார்க்ஹர்ஸ்ட் நிறுவனம் 105 அட்டைகள் கொண்ட வரிசையை வெளியிட்டது. அந்நாளில் லீகில் இருந்தவை ஆறே குழுக்கள். கோர்டி ஹோவ், மொரிஸ் ரிச்சர்ட் போன்ற பெருவீரர்களின் முகங்கள் கடைத்தெருவுக்கு வந்தன. தொலைக்காட்சி பரவாத காலம் அது. வானொலியில் கேட்ட பெயருக்கு உரிய முகம் எது என்பதைப் பல சிறுவர்கள் முதன்முதலாக அறிந்தது அந்த அட்டைகளின் மூலமே.

அவர்கள் அவற்றை எவ்வாறு போற்றினர்? இன்றைய சேகரிப்பாளர் கேட்டால் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். பள்ளி முற்றத்தில் சுவரை நோக்கி அட்டைகளை வீசி ஆடினர்; சுவருக்கு அருகில் விழுந்த அட்டைக்காரன் மற்றவற்றையும் அள்ளிக்கொள்வான். சைக்கிள் சக்கரக் கம்பிகளில் செருகி, மோட்டார் வண்டிபோல் ஓசை எழுப்பி மகிழ்ந்தனர். இரப்பர் வளையம் மாட்டிக் கால்சட்டைப் பையில் திணித்துத் திரிந்தனர். பட்டியல் அட்டையில் கிடைத்த எண்களுக்கு நேரே பென்சிலால் குறியிட்டனர். பிறகு பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கோ மேற்படிப்புக்கோ வெளியூர் சென்றனர். வீட்டைத் துப்புரவாக்கிய தாயார், செருப்புப் பெட்டியில் கிடந்த அட்டைகளைக் குப்பையில் போட்டார். கனடாவில் இந்தக் கதையைச் சொல்லாத நடுத்தர வயதினர் குறைவு.

விந்தை இதிலேதான் இருக்கிறது. அந்தத் தாய்மார்கள் எறிந்ததனாலேயே எஞ்சியவை அரியவையாயின. வளர்ந்த பிள்ளைகள் கையில் காசு புரளத் தொடங்கியதும், தாம் இழந்த சிறுபருவத்தைத் தேடிப் பழைய அட்டைகளை வாங்க முற்பட்டனர். அட்டைகளுக்கென்றே விலைப் பட்டியல் நூல்களும் கண்காட்சிகளும் தோன்றின. நினைவுக்கு விலை உண்டு என்று கண்டதும், நினைவே இல்லாதவர்களும் சந்தைக்கு வந்து சேர்ந்தனர்.

1990-91 பருவத்தில் ப்ரோ செட், ஸ்கோர், அப்பர் டெக் ஆகிய புதிய நிறுவனங்கள் ஹாக்கி அட்டைத் தொழிலில் இறங்கின. மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கினர். பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு உதவும் என்று நம்பிப் பிரிக்காமலே அடுக்கி வைத்த பெற்றோரும் உண்டு. இம்முறை எந்தத் தாயும் எதையும் எறியவில்லை. எந்தச் சிறுவனும் சுவரில் வீசவில்லை. எல்லாரும் பாதுகாத்தனர், ஆதலால் எதுவும் அரிதாகவில்லை. அளவின்றி அச்சிடப்பட்ட அவ்வாண்டுகளின் அட்டைகளுள் பெரும்பாலானவை இன்று அச்சிட்ட காகிதத்தின் விலைகூடப் பெறுவதில்லை. அன்பினால் தேய்ந்தவை விலையேறின; ஆசையினால் பூட்டப்பட்டவை விலையிழந்தன.

மறுமுனையில் நிற்பது வெய்ன் கிரெட்ஸ்கியின் அட்டை. 1979-80 பருவத்தில் ஓ-பீ-சீ வெளியிட்ட 396 அட்டைகளுள் 18ஆம் எண் அது. எட்மண்டன் ஆயிலர்ஸ் உடையில் நிற்கும் அவருக்கு அப்போது வயது 18. பிற்காலத்தில் லீகின் சாதனைகள் பலவற்றைத் தமதாக்கிக்கொண்ட அவரது முதல் அட்டை என்பதால், சிறு குறையும் இல்லாத ஒரு படி 2020 டிசம்பரில் 12 லட்சத்து 90 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. 2021 மே மாதத்தில் அதன் விலை 37 லட்சத்து 50 ஆயிரம் டாலராயிற்று.

எந்தப் படிக்கு இத்தகைய விலை என்பதை நோக்குக. மூலை மழுங்காதது, மையம் பிசகாதது, விரல்ரேகை படியாதது ஆகியவற்றை ஆராய்ந்து, ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரையிடுகின்றனர். ஒரு சிறுவன் பென்சிலால் குறியிட்ட பட்டியல் அட்டைக்கு விலை குறைவு. எவனும் குறியிடாததற்கே விலை அதிகம். அதாவது, அது எதற்காகப் பிறந்ததோ அதற்குப் பயன்படாமல் கிடந்ததற்கே பரிசு. எந்தக் குழந்தையும் கொஞ்சி விளையாடாத பொம்மையை நாம் பாக்கியம் பெற்றது என்போமா?

இனி, அதிகம் விலைபோகாத ஓர் அட்டையின் கதையைக் கேட்போம்.

ஒண்டாரியோவின் வடபகுதியில் உள்ள டிம்மின்ஸ் என்னும் சுரங்க ஊரில் பிறந்தவர் பில் பரில்கோ. டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் குழுவின் தற்காப்பு வீரர். 1951 ஏப்ரல் 21 அன்று மாண்ட்ரியல் குழுவுக்கு எதிரான ஐந்தாம் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில், தம் உடல் முன்னோக்கிப் பாய்ந்து விழும் நிலையில் அவர் அடித்த கோல் டொரண்டோவுக்கு ஸ்டான்லி கோப்பையைப் பெற்றுத் தந்தது. தோழர்கள் அவரைத் தோளில் சுமந்தனர். ஐந்து பருவங்களில் அவர் கண்ட நான்காவது கோப்பை அது. வயது 24.

அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில், நண்பரான ஒரு பல் மருத்துவருடன் சிறு விமானத்தில் வடக்கே மீன் பிடிக்கச் சென்றார். ஆகஸ்ட் 26 அன்று திரும்பும் வழியில் விமானம் காணாமற் போயிற்று. நாட்டின் பெருந்தேடல்களுள் ஒன்று நடந்தும் பயனில்லை. வதந்திகள் பலவாறு உலவின. மேலே குறித்த 1951-52 பார்க்ஹர்ஸ்ட் வரிசையில் அவரது வெற்றிக் கோலுக்கும் ஓர் அட்டை இருந்தது. சிறுவர்கள் அதைக் கையிலேந்தி மகிழ்ந்த நாள்களில், அந்த வீரர் எங்கே என்பதை அவரைப் பெற்ற தாயும் அறியார்.

அதன் பின்னர் டொரண்டோ குழுவுக்குக் கோப்பை கிட்டவேயில்லை. பதினோராண்டுகள் கழித்து, 1962 ஏப்ரலில், மீண்டும் வென்றனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் காக்ரேன் நகருக்கு வடக்கே அடர்ந்த காட்டில் விமானத்தின் சிதைவும் இருவரின் எச்சங்களும் கண்டெடுக்கப்பட்டன. தாய் தம் மகனை அடக்கம் செய்தார். காலம் உருண்டது, புதிய தலைமுறைக்கு அப்பெயர் பழங்கதையாயிற்று.

1991-92 பருவத்தில், அளவின்றி அச்சிட்டவர்கள் என்று நாம் குறிப்பிட்ட ப்ரோ செட் நிறுவனம், தன் வரிசையில் 340ஆம் எண்ணாக பரில்கோவுக்கு ஓர் அட்டை வெளியிட்டது. அதன் மறுபக்கத்தில் சில வரிகளில் அவர் கதை இருந்தது. அந்த வரிகள் கோர்ட் டௌனி என்னும் பாடகரின் கண்ணில் பட்டன. 'ட்ராஜிக்கலி ஹிப்' என்னும் அவரது இசைக்குழு 1992இல் வெளியிட்ட பாடல் ஒன்றில் அக்கதை இடம்பெற்று, நாடெங்கும் ஒலித்தது. 1951இல் பிறந்தேயிராத இளைஞர்கள் பரில்கோ யார் என்று தத்தம் தந்தையரைக் கேட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் அவர் அணிந்த ஐந்தாம் எண் சட்டைக்கு டொரண்டோ குழு நிரந்தர ஓய்வளித்துச் சிறப்புச் செய்தது.

அந்த அட்டையைச் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். ஆயினும், மறக்கப்பட்ட ஒரு மனிதரை ஒரு நாட்டின் நாவுக்கு மீட்டுத் தந்த பணியில் அதற்குப் பங்குண்டு. உறைக்குள் முத்திரையிடப்பட்டு இரும்புப் பெட்டகத்தில் உறங்கும் கோடிகள் பெறும் அட்டை இப்படி யாருக்கு என்ன சொல்லிற்று? விலை முன்பக்கத்துப் படத்தில் இருக்கலாம். மதிப்போ, பின்பக்கத்து எழுத்தைப் படித்து மற்றொருவருக்குச் சொல்லும் மனிதரிடத்தில் இருக்கிறது.

இன்னொரு சான்றையும் கூறலாம். 1952-53 பார்க்ஹர்ஸ்ட் வரிசையில் டொரண்டோ குழுவின் மற்றொரு தற்காப்பு வீரரான டிம் ஹார்ட்டனின் அட்டை உண்டு. 1964இல் ஹாமில்டன் நகரில் தம் பெயரால் காப்பிக் கடையைத் தொடங்கியவர் அவர். 1974இல் கார் விபத்தில் இறந்தார். நாடெங்கும் கிளை பரப்பிய அக்கடைகளில் 2015 முதல் காப்பியோடு ஹாக்கி அட்டைகளும் கிடைக்கலாயின. தாத்தா காப்பி வாங்க, பேரன் உறையைப் பிரிக்கிறான். கடைப்பலகையில் உள்ள பெயர் ஓர் ஆட்டக்காரருடையது என்பதைப் பேரனுக்குச் சொல்லத் தாத்தா அருகில் இருக்கும்வரை, அது வெறும் வணிகப் பெயராகிவிடாது.

நம் இல்லங்களில் ஹாக்கி அட்டைகள் இல்லை. ஆயின் தகரப் பெட்டியிலோ அலமாரியின் மேல்தட்டிலோ பழைய நிழற்படங்கள் உள்ளன. கப்பலேறுமுன் எடுத்த படம், பள்ளிக்கூட ஆண்டுவிழாப் படம், திருமண வீட்டுக் குழுப்படம். அவற்றுள் எத்தனைக்குப் பின்புறத்தில் எழுத்து இருக்கிறது? இன்று நம்மிடையே இருக்கும் உம்மாவும் பெரியவாப்பாவும் அம்முகங்களைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடியவர்கள். நாளை அப்படங்கள் இருக்கும், சொல்லுவார் இரார். ஆகவே அவற்றைக் கண்ணாடிக்குள் பூட்டுமுன் ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். வெற்றாக இருந்தால், ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் சென்று அமர்வோம்.