கபோ பிளாங்கோவின் மார்லின் வேட்டை

தென்திசைக் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும் நிலநடுக்கோட்டுப் பகுதியின் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் பெரு நாட்டின் வடகரையில், கடலடிச் சத்துகள் மேலெழுந்து நெத்திலியினம் பெருகியதால், அவற்றையும் அவற்றை உண்ணும் மீன்களையும் இரையாகத் தேடி, ஈட்டிபோல் நீண்ட மேலலகுடைய கருப்பு மார்லின்கள் கபோ பிளாங்கோ என்னும் மீனவச் சிற்றூரை அடுத்த கடலுக்கு வந்தன. 1950களில் அங்குச் செல்வந்தர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று இயங்கியது. வயிற்றை நிரப்பவோ விற்கவோ அன்றி, போட்டிக்காகவும் இன்பத்துக்காகவும் தூண்டிலிடும் இவ்விளையாட்டின் விதிகளை, 1939இல் தோன்றிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் வகுத்திருந்தது. மீன் தூண்டிலைக் கவ்விய கணம் முதல் தூண்டிலாளரைத் தவிர வேறெவரும் தூண்டில்கோலைத் தொடக்கூடாது என்பது அவற்றுள் தலையாயது. படகின் பின்தளத்தில் பொருத்திய சுழல்நாற்காலியில் தூண்டிலாளர் அமர்ந்து, கோலின் அடியை அதன் குழியில் ஊன்றி, தோள்வாரால் தம்மைக் கோலோடு பிணைத்துக்கொள்வார்; மீன் பாயும்போது தூண்டில் நரம்பு அறுந்துவிடாதவாறு, ரீல் எனப்படும் உருளையின் தடை அதைச் சிறிது சிறிதாக நழுவவிடும். 1953 ஆகஸ்ட் 4 அன்று ஆல்ஃபிரெட் கிளாசெல் என்னும் தூண்டிலாளர் அங்கு இவ்வாறு பிடித்த கருப்பு மார்லின் 1,560 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 707 கிலோ எடையுள்ளது. மீனின் போக்கறிந்து படகைத் திருப்பும் ஓட்டுநரின் திறமையின்றி அத்தகைய மீன் வசப்படுவது அரிது. எனினும் சாதனைப் பட்டியல் தூண்டிலாளர் பெயரையே தாங்குகிறது. கிளாசெல்லின் அந்த எடைச் சாதனை இன்றளவும் முறியடிக்கப்படவில்லை.