இருபுரிக் கயிறும் உயிரின் முறுக்கும்

புனே நகரத்துக் கடைவீதியில் தேங்காய் நார்க் கயிற்றைக் காணுந்தோறும் நமக்குச் சொந்த ஊர் நினைவு எழுகிறது. இருபுரியாகத் திரித்த அக்கயிற்றின் ஒரு முனையை இறுகக் கட்டிவிட்டு, மறுமுனையில் புரிகளைப் பிரித்துப் பாருங்கள். பிரிக்கப் பிரிக்க, எஞ்சிய பகுதியில் முறுக்கு ஏறிக் கயிறு சுருண்டு மடங்கும். உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.வுக்கும் இத்தொல்லை உண்டு.

டி.என்.ஏ. இருபுரிச் சுருள் என்று 1953ஆம் ஆண்டில் வாட்சனும் கிரிக்கும் கூறினர். ஏறத்தாழப் பத்து இணைகளுக்கு ஒரு முறுக்கு. நம் குடலில் வாழும் ஈ. கோலி என்னும் நுண்ணுயிரின் டி.என்.ஏ. சுமார் 46 இலட்சம் இணைகள் கொண்ட வளையம். அது படியெடுக்கப்படும்போது 4 இலட்சத்துக்கு மேற்பட்ட முறுக்குகள் ஏறக்குறைய 40 நிமிடங்களில் அவிழவேண்டும். வளையத்துக்கோ முனையே இல்லை. இஃது எங்ஙனம் இயலும்?

இவ்வினா பெங்களூரிலும் எழுந்தது. 1963ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனுடன் புரதச் சங்கிலிகளை ஆராய்ந்த வி. சசிசேகரன், பின்னர் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் பணியாற்றினார். அவரும் என். பட்டாபிராமனும் 1976இல் ஒரு புதுக் கருத்தை வெளியிட்டனர்: புரிகள் ஒன்றையொன்று சுற்றவில்லை, வலமும் இடமுமாக மாறிமாறி வளைந்து, பக்கம் பக்கமாகவே கிடக்கின்றன என்பது அது. அப்படியாயின் அவிழ்க்கும் தொல்லையே இல்லை. அதே ஆண்டில் நியூசிலாந்தில் ராட்லி முதலியோரும் தனியே இத்தகைய முடிவுக்கு வந்தனர்.

கிரிக், ஜேம்ஸ் வாங், பாயர் ஆகிய மூவரும் 1979இல் இதனை ஆராய்ந்தனர். வளைய டி.என்.ஏ.வில் புரிகள் உண்மையாகவே சுற்றியுள்ளன என்பதை அளவைகள் காட்டின. பெங்களூர் மாதிரி நிலைக்கவில்லை.

முறுக்கை அவிழ்ப்பவை நொதிகளே. ஹெலிகேஸ் புரிகளைப் பிரித்துக்கொண்டு முன்னேறும். 1971இல் வாங் கண்டறிந்த நொதி ஒரு புரியை மட்டும் நறுக்கி, முறுக்கைத் தளர்த்தி, மீண்டும் ஒட்டும். 1976இல் கெல்லர்ட் குழுவினர் கண்ட ஜைரேஸ் இரு புரிகளையும் நறுக்கி, இடைவெளியில் மற்றொரு பகுதியைச் செலுத்தி ஒட்டிவிடும். முன்னே ஏறும் முறுக்கு இறங்கும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் சிப்ரோபிளாக்சசின் இந்த ஜைரேஸைத்தான் தாக்குகிறது. நறுக்கிய முனைகள் ஒட்டாமற் போகவே நுண்ணுயிர் மடிகிறது.

பெங்களூரார் தந்த விடை பிழைத்தது, வினா பிழையன்று. அவ்வினாவால் அன்றோ, இருபுரிச் சுருளை ஆக்கியோனே அதற்குச் சான்று தேட நேர்ந்தது! ஆதலின் அவர்களை நாம் நன்றியுடன் நினைப்போமாக.