துண்டு முதல் டேட்டா வரை: வேண்டாததையும் சேர்த்து வாங்கிய கதை

2020 மார்ச் மாதம் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அப்போது எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பட்டன் போன். எங்கள் தோட்டம் எட்டியாந்தோட்டைப் பக்கம். பாதி றப்பர், பாதி தேயிலை. தம்பிக்கு அந்த வருசம் சாதாரண தரம். வகுப்பு வாத்தியார் வாட்ஸப் குரூப் தொடங்கிவிட்டார் என்று கூட்டாளிமார் வந்து சொன்னார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த அம்மா, மூன்றாவது வாரம் தோட்டைக் கழற்றி டவுனுக்குக் கொண்டுபோய் அடகு வைத்தார். ஸ்மார்ட் போன் வந்தது. அதோடு வாராவாரம் ரீலோட் போடும் வேலையும் வந்தது.

சித்தப்பா வீட்டில் ஒரு ரவுட்டர் வாங்கினார்கள். அந்தப் பக்கேஜில் டேட்டா இரண்டு பங்காக இருந்தது. ஒரு பங்கை எந்த நேரமும் பாவிக்கலாம். மற்றப் பங்கு நடுராத்திரி 12 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் மட்டும். காசு இரண்டுக்கும் சேர்த்துத்தான். பகல் பங்கு மாசம் பாதியிலேயே முடிந்துவிடும். ராத்திரிப் பங்கு அப்படியே கிடக்கும். "ராத்திரி டேட்டா எதுக்குடா? பேய்க்கா பாடம் நடத்துறது?" என்று சித்தப்பா கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. பால்வெட்டுக்குப் போகிறவர் விடிவதற்கு முன்பே எழும்புகிறவர். காலை 8 மணிக்கு அவர் மலையில் நிற்பார். யாருடைய நேரத்துக்காகச் செய்த பக்கேஜ் அது?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் ஒரு பழைய கதை எனக்குத் தெரிய வந்தது. வேண்டியது ஒன்று இருக்கும். அது வேண்டாத இன்னொன்றோடு சேர்த்துக் கட்டித்தான் கைக்கு வரும். எங்கள் ஆட்களுக்கு இது புதிதே இல்லை.

முதலில் அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம். இந்தக் கட்டாயத்தை அங்கே ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியே வைத்தார்கள். 2007இல் ஐபோன் வந்தபோது அங்கே அதை விற்றது ஏ.டி. அண்ட் டி. கொம்பனி. வாங்கினால் இரண்டு வருச ஒப்பந்தம். மாதாமாதம் டேட்டாவுக்கும் காசு கட்டவேண்டும். 2009 செப்டெம்பரிலிருந்து, ஐபோன் மட்டுமல்ல, எந்த ஸ்மார்ட் போனைப் புதிதாக வாங்கினாலும் டேட்டா பிளான் கட்டாயம் என்றது அந்தக் கொம்பனி. "எனக்கு வீட்டில் வைஃபை இருக்கு, வெளியே போனால் பேசினால் மட்டும் போதும்" என்றாலும் விடவில்லை. 2010 ஜூனில் ஆகக் குறைந்த பிளான் 200 எம்.பி.க்கு 15 டொலர்.

வெரைசன் கொம்பனியின் கதை இன்னொரு மாதிரி. டேட்டா பிளானே இல்லாத ஆட்கள் தவறுதலாக ஒரு பட்டனை அமுக்கினால்கூட பில்லில் 1.99 டொலர் ஏறியது. விசயம் அந்த நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழுவுக்குப் போனது. 2010 ஒக்டோபரில் கொம்பனி 25 மில்லியன் டொலரை அரசாங்கத்துக்குக் கட்டவும், சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது 52.8 மில்லியன் டொலரைத் திருப்பிக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டது.

கொம்பனிகள் தங்கள் பக்கத்துக்கு ஒரு நியாயம் சொன்னார்கள். 2008இல் வந்த ஐபோனை 199 டொலருக்குக் கொடுத்தோம். அதன் உண்மையான விலை அதைவிடக் கூட. மிச்சத்தை நாங்கள் முதலில் போட்டோம். இரண்டு வருசத்தில் பில்லில் எடுத்துக்கொள்கிறோம். அதாவது முற்பணம். முதலில் கையில் கொடுப்பது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பது, பிடித்து முடியும் வரை ஆளைப் போகவிடாமல் வைத்திருப்பது.

மலையகத்தில் பிறந்த யாருக்கும் இந்தக் கணக்கு உடனே விளங்கும். தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு ஆள் கட்டப் போன கங்காணி முற்பணத்தோடுதான் போனார். பழைய கடனைத் தீர்க்க, வழிச் செலவுக்கு, வீட்டில் விட்டுவருகிறவர்களுக்கு என்று கொடுத்த காசு எல்லாம் தோட்டத்தில் வந்து இறங்கிய அன்றே கடனாக நின்றது. வழிச் செலவுக் கணக்கில் என்ன எழுதினார்கள் என்று பார்க்க வந்தவருக்கு எழுத்துத் தெரியாது. பேர் விழுந்த நாளுக்குச் சம்பளம். அந்தச் சம்பளத்தில் கடன் பிடிப்பு.

கடன் இருக்கும்வரை வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போகவேண்டுமென்றால் துரையிடமிருந்து ஒரு கடதாசி வேண்டும். அதற்குப் பேர் துண்டு. இந்தக் கங்காணிக்கும் இவருடைய ஆட்களுக்கும் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன் என்று அதில் இருக்கும். புதுத் தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுப்பார். கட்டிய காசு திரும்பவும் அதே ஆட்களின் தலையில் கடனாக ஏறும். ஆள் தேவை கூடக் கூடத் துண்டில் எழுதும் தொகையும் கூடியது. கடைசியில் மனிதர்கள் ஒரு தொகையாகத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினார்கள்.

அரிசியும் அப்படித்தான். தோட்டமே அரிசி கொடுக்கும். விலையைச் சம்பளத்தில் பிடிக்கும். வேறு கடையில் வாங்கலாமே என்று கேட்கலாம். பக்கத்துக் கடை எத்தனை மைல், சம்பளம் எப்போது கையில் கிடைக்கும் என்பதைப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அரிசியைத் தவிர டோபிக்கு, பாபருக்கு, கோயிலுக்கு என்று செக்ரோலில் வரிசையாகப் பிடிப்புகள். யாரும் "இது வேணுமா, வேணாமா?" என்று கேட்டதில்லை.

இது தானாக மாறவில்லை. 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் பெரி சுந்தரமும் சேர்ந்து இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வேலையை விட்டுப்போன தொழிலாளியைச் சிறையில் போடும் சட்டத்துக்கு எதிராக அருணாசலம் தொடர்ந்து எழுதினார், பேசினார். இந்திய அரசாங்கத்தின் பக்கமிருந்தும் நெருக்குதல் வந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. சம்பளம் எவ்வளவு என்பதோடு தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலைக்கும் ஒரு கட்டுப்பாடு வந்தது. அரிசி விலையைத் தோட்டத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டுச் சம்பளத்தை மட்டும் நிர்ணயித்துப் பலனில்லை என்று அன்றைக்கே விளங்கியிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

இனி தொலைபேசிக்கு வருவோம். லயத்துக்கு நீண்டகாலமாகத் தனி முகவரியே கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து கைமாறி கைமாறி வீட்டுக்கு வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்தபின் கைக்கு வந்த கதை ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்று இருக்கும். தொலைபேசி இருந்ததும் ஆபீசிலும் துரை பங்களாவிலும்தான். இலங்கையில் செல்டெல் கொம்பனி 1989இலேயே கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கிவிட்டது. ஆனால் அது கொழும்பு முதலாளிமாருக்கான சாமான். 90களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போனபோது, அவர்களின் குரலைக் கேட்க வீட்டார் டவுனில் இருந்த கொமினிகேஷன் கடையில் காத்துக்கிடந்தார்கள்.

2005, 2006 வாக்கில் சிடிஎம்ஏ போன் வந்தது. மேசைப் போன் மாதிரி இருக்கும், வயர் இருக்காது. லயத்துக்கு ஒன்று இருந்தால் அந்த லயத்துக்கே அதுதான் போன். பிறகு கையில் தூக்கிக்கொண்டு திரியும் போன் வந்தது. முதல் வருசங்களில் வருகிற அழைப்புக்கும் காசு வெட்டினார்கள். பேசினாலும் காசு, கேட்டாலும் காசு. அதற்கு நம்ம ஆட்கள் கண்டுபிடித்த மருந்து மிஸ் கோல். ஒரு தடவை அடித்தால் "வந்து சேர்ந்துட்டேன்", இரண்டு தடவை அடித்தால் "திருப்பி எடு". கொம்பனிக்கு ஐந்து சதம் கொடுக்காமல் சேதி போய்ச் சேர்ந்தது.

இந்தக் காலம் முழுக்க நம்மை யாரும் டேட்டா வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. டயலொக் 2006இலேயே தெற்காசியாவில் முதன்முதலாக 3ஜி சேவையைத் தொடங்கிவிட்டது. ஆனாலும் இங்கே பெரும்பாலான ஆட்கள் பிரீபெய்ட். ஒப்பந்தம் இல்லை, மாச பில் இல்லை. காசு இருந்தால் ரீலோட், இல்லாவிட்டால் மிஸ் கோல். அந்த வகையில் அமெரிக்கக்காரரைவிட நம்ம ஆட்களுக்குச் சுதந்திரம் கூட என்றே சொல்லலாம்.

2020இல் அது போனது. சட்டமோ ஒப்பந்தமோ அதைப் பறிக்கவில்லை. பள்ளிக்கூடம் டேட்டாவுக்குள் போனதால் பிள்ளைகளும் போக வேண்டியதாயிற்று. அரசாங்கம் இ-தக்சலாவ இணையத்தளத்தை இலவசமாகப் பார்க்க விட்டது. பல்கலைக்கழக மாணவர்களின் லேர்ன் வலையமைப்பும் இலவசம். பெலிகுல்லோயாவில் உள்ள சபரகமுவ பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகளுக்கு அது உதவியது. ஆனால் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பாடம் அனுப்பியது வாட்ஸப்பில். அதற்குக் காசு கட்டவேண்டும். டியூஷன் சேர் வகுப்பெடுத்தது சூமில். ஒரு மணி நேர வீடியோ வகுப்பு சில நூறு எம்.பி. தின்றுவிடும். ஏ.டி. அண்ட் டி. 15 டொலருக்கு விற்ற 200 எம்.பி. ஒரு வகுப்புக்கே காணாது.

காசு கட்டினாலும் சிக்னல் இருக்க வேண்டுமே. 2021இல் பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காக மலையேறிய படங்கள் உலகம் முழுக்கப் போயின. எங்கள் தோட்டத்தில் அதற்கு ஒரு கல் இருந்தது. தம்பி அந்தக் கல்லில் குடையோடு உட்கார்ந்துதான் விஞ்ஞானம் படித்தான். கிராமப்புறங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் 'கமட சன்னிவேதனய' திட்டத்தை அரசாங்கம் இரத்தினபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. கோபுரம் வருவது நல்லதுதான். ஆனால் கோபுரம் வந்தாலும் ரீலோட்டுக்கு யார் காசு கொடுப்பது?

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. 900 அடிப்படை, 100 கொடுப்பனவு. கிலோ குறைந்தால் அரைப்பேர். அந்த 1,000 ரூபாவுக்காக வருசக்கணக்கில் கத்தினோம். கணக்குப் போட்டபோது அரிசி இருந்தது, மா இருந்தது, பருப்பு இருந்தது. டேட்டா இல்லை. 2022 செப்டெம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் அனுமதியோடு தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 சதவீதம் கூடின. அந்த மாசம் சம்பளம் கூடவில்லை.

துண்டையும் டேட்டா பக்கேஜையும் ஒரே தராசில் வைக்க முடியாது. துண்டு மனிதரை அடைத்து வைத்தது, ஓடினால் சிறை. ரீலோட் போடாதவரை யாரும் பிடித்து உள்ளே போடுவதில்லை. எங்கள் பூட்டன்மார் பட்டதை ஒரு போன் பில்லுக்குச் சமமாக்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. துண்டில் ஒரு துரையின் கையெழுத்து இருந்தது. அதனால் அதை எதிர்க்க ஆள் தெரிந்தது, ஒழிக்கச் சட்டம் எழுத முடிந்தது. அமெரிக்காவில் கட்டாயம் கொம்பனியின் ஒப்பந்தத்தில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஆட்கள் வெறுத்துப்போக, 2013இல் டி-மொபைல் என்ற கொம்பனி இரண்டு வருச ஒப்பந்தத்தையே கைவிட்டு அதைச் சொல்லியே ஆள் சேர்த்தது. நம்ம கட்டாயத்தில் யாருடைய கையெழுத்தும் இல்லை. கொம்பனியைக் கேட்டால் "நாங்க வாங்கச் சொல்லலையே" என்பார்கள். வாத்தியாரைக் கேட்டால் "வேற வழி இல்லையே தம்பி" என்பார். அவரும் தன் சொந்தக் காசில்தான் டேட்டா போட்டார். கல்வி அமைச்சு இ-தக்சலாவவைக் காட்டும். அம்மாவின் தோடு மட்டும் அடகுக் கடையில் கிடந்தது.

அதனால்தான் 1927ஐ நினைவில் வைக்கச் சொன்னேன். அரிசியைக் கணக்கில் எடுக்காமல் சம்பளத்தைப் பேசக்கூடாது என்று அன்றைக்கு விளங்கியது. இன்றைக்குப் பிள்ளையின் படிப்பு, அஸ்வெசும விண்ணப்பம், மண்சரிவு எச்சரிக்கை எல்லாமே போனுக்குள் வந்துவிட்டன. அப்படியானால் அடுத்த சம்பளப் பேச்சில் சங்கங்கள் போடும் வாழ்க்கைச் செலவுக் கணக்கில் டேட்டாவுக்கும் ஒரு வரி இருக்கவேண்டும். பள்ளிக்கூடம் பாடம் அனுப்பும் வழி எதுவோ அந்த வழி இலவசமாக இருக்கவேண்டும். காசு கட்டி வாங்கிய டேட்டா நாள் முடிந்தது என்று செத்துப்போகாமலும், நாம் தூங்கும் நேரத்துக்கென்று ஒதுக்கப்படாமலும் இருக்க, கட்டணங்களுக்கு அனுமதி கொடுக்கும் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். அங்கேயாவது ஒரு கையெழுத்து இருக்கிறது.

எங்கள் வீட்டில் மாசச் சம்பளச் சீட்டை இன்றைக்கும் 'சம்பளத் துண்டு' என்றுதான் சொல்கிறோம். அம்மா அதை அலமாரியில் ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறார். போன வாரம் எடுத்துப் பார்த்தேன். ஈ.பீ.எஃப்., சங்கச் சந்தா, திருநாள் முற்பணம், கோயில் என்று பிடிப்புகள் இறங்கிக்கொண்டே போகின்றன. அடகுக் கடைச் சீட்டும் அதே டப்பாவில்தான் இருந்தது. தோடு இன்னும் மீளவில்லை. தம்பி பாஸ் பண்ணிவிட்டான்.