பல் டாக்டர் வருகிற விமானம்

போன மாதம் எங்கள் கிளை சார்பில் ஒரு கிராமத்தில் முகாம். கணக்கு திறக்க நாங்கள், பல் பார்க்க இரண்டு டாக்டர்கள் (சம்பளம் கிடையாது, சாப்பாடு மட்டும்). பதினோரு வயதுப் பையன் ஒருவனுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். பால் பல் இல்லை, நிரந்தரப் பல். "வேர் சிகிச்சை செய்தால் காப்பாற்றலாம். அதற்கு மூன்று தடவை வரவேண்டும், நான் இன்றைக்கு மட்டும்தானே?" என்றார் டாக்டர், இந்தியில். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வந்த மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் மனசு உறுத்தியது. அந்த உறுத்தலில் தேடிப் படித்த கதை இது.

அலாஸ்காவில் யூகான் - குஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகத்தில் யூப்பிக் பழங்குடிகளின் கிராமங்கள் இருக்கின்றன. ரோடு கிடையாது. குட்டி விமானத்தில்தான் போகவேண்டும், குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் வண்டி ஓட்டலாம். மீனும் சீல் இறைச்சியும் சாப்பிட்டு வளர்ந்த ஜனங்களிடம் சோடாவும் சர்க்கரையும் விமானத்தில் வந்து இறங்கின. பல் டாக்டர் வருவதும் அதே விமானத்தில்தான், வருஷத்துக்கு ஒரு தடவை, சில நாட்களுக்கு. மடக்கு நாற்காலியைப் பள்ளிக்கூடத்தில் போட்டுப் பார்ப்பார், போய்விடுவார். அடுத்த வருஷம் வேறு டாக்டர். இடையில் வலி வந்த குழந்தை என்ன செய்யும்? காத்திருக்கும். அடைத்திருக்க வேண்டிய பல் பிடுங்கவேண்டிய பல்லாகிவிடும். (வங்கிக்காரனுக்கு இது நன்றாகப் புரியும். வட்டி சும்மா இருக்காது.)

இதற்கு விடை 1921லேயே நியூசிலாந்தில் கிடைத்துவிட்டது. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது பையன்களின் பற்கள் இருந்த நிலையைப் பார்த்து அரசாங்கமே மிரண்டது. ராணுவப் பல் மருத்துவப் பிரிவை நடத்திய தாமஸ் ஹண்டர், பெண்களுக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்துப் பள்ளிகளிலேயே உட்கார வைக்கலாம் என்றார். 1920ல் பல் மருத்துவர் சங்கத்தின் கூட்டத்தில் 16 பேர் ஆதரவு, 7 பேர் எதிர்ப்பு. அடுத்த வருஷம் வெலிங்டனில் பயிற்சி ஆரம்பம். பெண்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் குழந்தைகளிடம் பொறுமை என்று ஒரு காரணம். சம்பளம் குறைவாகக் கொடுக்கலாம் என்பதும் இன்னொன்று, அதை மறைக்க வேண்டியதில்லை. காலால் மிதித்து ஓட்டும் துளைப்பான் காலத்தில் குழந்தைகள் அந்த அறைக்கு 'கொலைவீடு' என்றே பேர் வைத்திருந்தார்கள் :-)

அந்த மாதிரியை மலாயா எடுத்துக்கொண்டது, 1949ல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி. பிறகு கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியோடு இலங்கையில் மகரகமவில். ஆனால் அமெரிக்காவில்? 1949ல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஒரு சோதனைக்குச் சட்டம் போட்டது. பல் மருத்துவர்கள் போட்ட கூச்சலில் 1950ல் அந்தச் சட்டமே வாபஸ்.

அதற்கப்புறம் அரை நூற்றாண்டு கழித்து, 2003ல், அலாஸ்காவின் பழங்குடி சுகாதார அமைப்பு தன் ஆட்கள் ஆறு பேரை நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. சொந்த நாட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, உலகத்தின் மறு கோடிக்குப் போய்ப் படித்தார்கள். 2005ல் திரும்பி வந்து கிராமங்களில் பல் அடைக்க ஆரம்பித்ததும் பல் மருத்துவர் சங்கங்கள் கொதித்தன. பழங்குடிகளுக்கு இரண்டாந்தர சிகிச்சையா என்று பத்திரிகை விளம்பரம். தன்னார்வ டாக்டர்களை அனுப்புகிறோம் என்று மாற்று யோசனை. 2006ல் வழக்கு.

இரண்டாந்தரம் என்று சொன்னவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. டாக்டருக்குப் படித்தவர் செய்யும் வேலையை இரண்டு வருஷம் படித்தவர் செய்தால் என் பிள்ளையை நான் அனுப்புவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் சுலபமாக வரவில்லை. ஆனால் என் பிள்ளைக்குத் தெருமுனையிலேயே டாக்டர் இருக்கிறார். அங்கே முதல் தரம் விமானத்தில் வந்து ஒரு வாரத்தில் போய்விடும்.

2007ல் நீதிமன்றம் பழங்குடிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் பயிற்சி அலாஸ்காவிலேயே தொடங்கியது. 2010ல் வெளிவந்த ஆய்வு, தங்கள் எல்லைக்கு உட்பட்ட வேலையை அவர்கள் பாதுகாப்பாகவும் திறமையாகவும் செய்கிறார்கள் என்றது. சிக்கலான பல்லை டாக்டருக்கு அனுப்புகிறார்கள். டாக்டர்களின் விமானமும் நிற்கவில்லை.

எங்கள் முகாமில் அந்தப் பையனுக்குக் கணக்கும் திறந்தோம். பஞ்சைக் கடித்துக்கொண்டே பாரத்தில் கையெழுத்துப் போட்டான். அடுத்த முகாம் எப்போது என்று அவன் அம்மா கேட்டாள். கணக்கு விஷயமாக என்றால் கிளைக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றேன்.